தம்பிக்கு 41 மாதம் தண்டனை. அப்பீல் போட்டால் ஜெயிலுக்குப் போகாமல் இருக்கலாமா?

மலர்_எடிசன் · 2025 மார்ச் 11, மாலை

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே பள்ளிக்கூடம், விசா, கிரைண்டர் ரிப்பேர் என்றுதான் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்க நாலு நாளாகக் கை வரவில்லை.

என் தம்பி நியூ ஜெர்சியில் சின்னதாக மூன்று கம்பெனி வைத்திருந்தான். கொரோனா சமயத்தில் சம்பளம் கொடுக்க என்று அரசு உத்தரவாதத்தோடு பேங்குகள் கடன் கொடுத்தன இல்லையா, அதற்கு விண்ணப்பம் போட்டான். ஆள் எண்ணிக்கை பொய், சம்பளக் கணக்கு பொய் என்று ஃபெடரல் கேஸ் ஆகிவிட்டது. குற்றத்தை ஒத்துக்கொள்ளாமல் டிரையலுக்குப் போனான். ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டது. போன வியாழக்கிழமை ஜட்ஜ் 41 மாதம் கொடுத்தார். மே 5ஆம் தேதி அவனாகவே போய் ஜெயிலில் ஆஜராக வேண்டும்.

எனக்குப் புரியாதது இதுதான். அவன் கேட்டது மொத்தம் 7 லட்சம் டாலர். கைக்கு வந்தது 3 லட்சத்து 10 ஆயிரம். ஆனால் ஜட்ஜ் 7 லட்சம் என்றே கணக்கு வைத்துத் தண்டனை கொடுத்தார். வாங்காத பணத்துக்கும் தண்டனையா?

திண்டுக்கல்லில் மாமா தினமும் போன் பண்ணுகிறார். "மேல்கோர்ட்ல அப்பீல் போடு, தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன் குடுத்துருவான், கேஸ் அது பாட்டுக்கு பத்து வருஷம் ஓடும்" என்கிறார். இங்கே வக்கீலோ "அவசரமில்லை, மாதக் கடைசியில் பேசலாம்" என்கிறார். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று தம்பி மனைவி பயப்படுகிறாள். தம்பிக்கு கிரீன் கார்டுதான், குடியுரிமை இல்லை. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாளையங்கோட்டைக்காரன் · மார்ச் 11, இரவு

தங்கச்சி, முதலில் ஒன்று. மாதக் கடைசி என்ற பேச்சே கூடாது. தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 14 நாள். அதற்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை ஜட்ஜ் வாயால் சொல்லியிருப்பார். எழுத்துத் தீர்ப்பு எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை 7ஆம் தேதி என்றால், 21ஆம் தேதி கடைசி. இதைப் படித்து முடித்ததும் தம்பியை வக்கீலுக்கு ஒரு ஈமெயில் போடச் சொல்லுங்கள்: "எனக்காக அப்பீல் நோட்டீஸ் தாக்கல் செய்யுங்கள்." ஒரே வரி போதும். கட்சிக்காரர் கேட்டும் வக்கீல் நோட்டீஸ் போடாமல் விட்டால் அது வக்கீலின் தவறு என்று சுப்ரீம் கோர்ட் 2000த்திலேயே சொல்லிவிட்டது, 2019ல் மறுபடியும் சொன்னது. ஆனால் கேட்டதற்கு எழுத்து இருக்க வேண்டும்.

நோட்டீஸ் ஒரு பக்கம்தான். காரணம் எதுவும் எழுத வேண்டாம். கட்டணம் 605 டாலர். பணம் இல்லை என்றால் மனு போட்டு, கோர்ட்டே வக்கீல் நியமிக்கும் வழியும் உண்டு. பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நான் வக்கீல் இல்லை. அப்பா பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டுகளுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். இங்கே ஃபிலடெல்ஃபியாவில் பதினேழு வருடமாக அப்பீல் வக்கீல்களிடம் அதே வேலையைத்தான் வேறு பெயரில் செய்கிறேன். தேதி விஷயத்தில் நான் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் இருபதாம் நாள் வந்து நின்றது. சிவில் கேஸில் 30 நாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். கிரிமினலில் 14. தாமதத்துக்கு நல்ல காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் வரை கீழ்க்கோர்ட் நீட்டிக்கலாம்தான். "எங்களுக்குத் தெரியாது" என்பதை ஜட்ஜ் நல்ல காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா ரிசப்ஷனில் டீ கூட வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இப்போது மாமா விஷயம். நம் ஊர்க் கணக்கில் மாமா சொல்வது சரிதான். அங்கே அப்பீல் என்றால் ஹைகோர்ட் சாட்சியத்தை முழுசாகப் புரட்டும், தண்டனையை நிறுத்தி வைக்கவும் தனிப் பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 389, புதியதில் 430. இங்கே அப்படி இல்லை. தீர்ப்புக்குப் பிறகு ஜெயில்தான் வழக்கம், வெளியே இருப்பது விதிவிலக்கு. அப்பீல் முடியும்வரை வெளியே இருக்க வேண்டுமானால், ஓடிப்போக மாட்டான் என்பதோடு, அப்பீலில் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது என்றும், அதில் ஜெயித்தால் தீர்ப்பு உடையும், மறு டிரையல் வரும், ஜெயிலே இருக்காது, அல்லது அப்பீல் முடிவதற்குள் கழிந்துவிடும் அளவுக்குத் தண்டனை குறையும் என்றும் காட்ட வேண்டும். 41 மாதம் 30 ஆகும் என்று வாதாடினால் வெளியே விட மாட்டார்கள், ஏனென்றால் அப்பீல் சுமார் ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் முடியும், 30 மாதம் அதைவிடப் பெரியது. ஆகவே மே 5 என்பது மே 5தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஜூரி சொன்னதை மேல்கோர்ட் மாற்றுமா? "என் தம்பி அப்படிச் செய்யவில்லை, அந்தச் சாட்சி பொய் சொன்னான்" என்று எழுதிக்கொண்டு போனால் மூன்று ஜட்ஜும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். 1979ல் வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புதான் இதற்கு அளவுகோல்: சாட்சியம் எல்லாவற்றையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார், அப்படிப் பார்த்தும் நியாயமான எந்த ஜூரியும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால்தான் உடைக்கலாம். இந்த வாசலில் நுழைந்து ஜெயித்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். மேல்கோர்ட் உங்கள் தம்பியை விசாரிப்பதில்லை. கீழ்க்கோர்ட் ஜட்ஜைத்தான் விசாரிக்கிறது. சட்டத்தைத் தப்பாகப் படித்தாரா, ஜூரிக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாரா, விடக்கூடாத சாட்சியை விட்டாரா, தண்டனைக் கணக்கைத் தப்பாகப் போட்டாரா. அதிலும், அப்போதே உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னாரா என்று பார்க்கும். சொல்லாமல் விட்டிருந்தால், தவறு பட்டவர்த்தனமாக இருந்தால்தான் தொடுவார்கள்.

எங்கள் மூன்றாவது சர்க்யூட் கோர்ட், அதாவது இந்தப் பகுதிக்கான ஃபெடரல் மேல்கோர்ட், மார்க்கெட் தெருவில், லிபர்ட்டி பெல் பார்க்க வரும் கூட்டத்துக்கு எதிரில் இருக்கிறது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர், அப்புறம் வர்ஜின் தீவுகள் எல்லாம் இங்கேதான் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரி இல்லை, குற்றவாளியும் இல்லை. அவர் எங்கோ ஜெயிலில் இருப்பார். எங்கள் பக்கத்து நீல அட்டை, அரசின் சிவப்பு அட்டை, பதிலுக்கு நாங்கள் போடும் சாம்பல் அட்டை, இவ்வளவுதான் கேஸ். வாய் வாதம் கிடைத்தால் ஒரு தரப்புக்குப் பதினைந்து நிமிடம். பல கேஸ்களுக்கு அதுவும் கிடையாது, பேப்பரிலேயே முடித்துவிடுவார்கள். மேடையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் வக்கீல் குரல் ஒரு சுருதி ஏறும், சிவப்பு எரிந்தால் பாதி வாக்கியத்தில் நிற்பார். அப்பா இதைப் பார்த்திருந்தால் "என்னடே, வாய்தாவே கிடையாதா?" என்று கேட்டிருப்பார்.

தண்டனை கூடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் மட்டும் அப்பீல் போட்டு, அரசு போடவில்லை என்றால், மேல்கோர்ட் தானாகவே கூட்ட முடியாது. 2008ல் கிரீன்லா என்பவர் கேஸ். தண்டனை அதிகம் என்று அவர் அப்பீல் போனார். எட்டாவது சர்க்யூட், அரசு கேட்காமலே, கீழ்க்கோர்ட் குறைத்துக் கொடுத்துவிட்டது என்று 15 வருடம் சேர்க்கச் சொன்னது! சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. அரசே அப்பீல் போனால் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் குண்டு வைக்கத் திட்டமிட்ட அஹமத் ரெஸ்ஸாமுக்கு 22 வருடம் கொடுத்தார்கள், அரசு விடவில்லை. ஒன்பதாவது சர்க்யூட் 2012ல் அது போதாது என்று திருப்பி அனுப்பி, கடைசியில் 37 வருடம் ஆனது. உங்கள் தம்பி கேஸில் அரசு கேட்டதும் கிடைத்ததும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

கடைசியாக அந்த 7 லட்சம். இங்கேதான் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. எந்தக் குற்றத்துக்கு எத்தனை மாதம் என்று ஜட்ஜ்கள் கணக்குப் போடும் ஃபெடரல் தண்டனைக் கையேட்டில் மோசடிக் கேஸுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. தொகை ஏற ஏற புள்ளி ஏறும். இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் 12 புள்ளி, ஐந்தரை லட்சத்தைத் தாண்டினால் 14. உங்கள் தம்பிக்கு அடிப்படை 7, தொகைக்கு 14, "நுட்பமாகச் செய்தான்" என்று 2, முன்பு எந்தக் குற்றமும் இல்லாததால் கழிவு 2. மொத்தம் 21. அதற்கு 37 முதல் 46 மாதம். நடுவில் 41. கணக்கு இப்படித்தான் ஓடியிருக்கும். தொகை 3 லட்சத்து 10 ஆயிரம் என்றால் 19 புள்ளி, 30 முதல் 37 மாதம்.

எங்கள் சர்க்யூட்டில் 2022 நவம்பரில் பேங்க்ஸ் என்பவர் கேஸில் பெரிய தீர்ப்பு வந்தது. ஓர் அன்னியச் செலாவணி நிறுவனத்தை ஏமாற்ற 3 லட்சத்து 24 ஆயிரம் டாலருக்குப் பொய்யாக டெபாசிட் காட்டினார், கைக்கு ஒரு பைசா வரவில்லை. கையேட்டின் மூல வரியில் "நஷ்டம்" என்று மட்டும்தான் இருந்தது, "ஏற்படுத்த நினைத்த நஷ்டம்" என்பது விளக்கக் குறிப்பில் இருந்தது. மூல வரியே தெளிவாக இருக்கும்போது குறிப்பு எதற்கு, நஷ்டம் என்றால் உண்மையில் நடந்த நஷ்டம்தான் என்று மூன்று ஜட்ஜும் சொல்லிவிட்டார்கள். குற்றத் தீர்ப்பு நின்றது, தண்டனை மட்டும் உடைந்தது. இதைப் பார்த்துவிட்டு, கையேட்டை எழுதும் ஆணையம் 2024 நவம்பர் 1 முதல் அந்தக் குறிப்பையே மூல வரிக்குள் தூக்கி வைத்துவிட்டது. அதனால்தான் உங்கள் ஜட்ஜ் 7 லட்சம் என்றார். ஆனால் தம்பி விண்ணப்பம் போட்டது 2020, 21ல்தானே? குற்றம் நடந்தபோது இருந்த கையேடு இலேசானது என்றால் பின்னால் வந்த கடுமையான கையேட்டைப் போட முடியாது என்று 2013ல் பியூ கேஸில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எனக்கு இது நல்ல அப்பீல் பாயிண்டாகத் தெரிகிறது.

---

சிகாகோ சேகர் · மார்ச் 12

அண்ணாச்சி எழுதியதெல்லாம் சரி. ஆனால் அப்பீல் எல்லாம் பணக்காரனுக்குத்தான். ராஜ் ராஜரத்தினம் ஞாபகம் இருக்கிறதா? கொழும்புத் தமிழர், கேலியன் கம்பெனி. உள்தகவல் வியாபாரம், அதாவது கம்பெனிகளின் ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்றார் என்று, போன் ஒட்டுக்கேட்டுப் பிடித்தார்கள். பணம் இருந்தால் எப்படியும் இழுத்தடிக்கலாம்.

---

வக்கீல்_உமா · மார்ச் 12

சேகர், நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. ராஜரத்தினத்துக்கு 2011 அக்டோபரில் 11 வருடம். அப்பீல் முடியும்வரை வெளியே விடக் கேட்டார், கிடைக்கவில்லை; டிசம்பரில் மாசசூசெட்ஸ் டெவன்ஸ் ஜெயிலுக்குப் போனார். ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும்போது அரசு ஜட்ஜிடம் சில விஷயங்களை மறைத்துவிட்டது என்பதுதான் அவருடைய பெரிய வாதம். 2013 ஜூனில் இரண்டாவது சர்க்யூட் தள்ளிவிட்டது. அதே வலையில் சிக்கிய ரஜத் குப்தாவுக்கு 2 வருடம்தான், ஆனால் அவரை அப்பீல் முடியும்வரை வெளியே இருக்க விட்டார்கள். அவரும் 2014ல் தோற்றார், அதே டெவன்ஸுக்குத்தான் போனார். அதே வருடம் டிசம்பரில், அதே கோர்ட், அதே மாதிரி உள்தகவல் வியாபாரக் கேஸில் நியூமேன், சியாசன் என்ற இருவரின் குற்றத் தீர்ப்பையே உடைத்தது. தகவல் கொடுத்தவருக்கு என்ன ஆதாயம், அது இவர்களுக்குத் தெரியுமா என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்று. பணம் மூன்று பக்கமும் இருந்தது. சட்டக் கேள்வி ஒரு பக்கம்தான் பலித்தது.

மலர், நான் நியூயார்க்கில் கிரிமினல் அப்பீல் செய்கிறேன். உங்கள் வக்கீல் இல்லை, பேப்பர் எதுவும் பார்க்காமல் எழுதுகிறேன். அண்ணாச்சி 14 நாள் பற்றிச் சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஆனால் அவருடைய கடைசிப் பத்தியில் ஓட்டை இருக்கிறது.

கையேட்டைக் கலந்து போட முடியாது. பழையது வேண்டுமென்றால் முழுசாகப் பழையது, புதியது என்றால் முழுசாகப் புதியது. 2020, 21ல் இருந்த கையேட்டில் பேங்க்ஸ் தீர்ப்புப்படி தொகைக்கு 12 புள்ளி, சரி. ஆனால் முன்குற்றம் இல்லாதவர்களுக்கு 2 புள்ளி கழிவு என்பது 2023 நவம்பரில்தான் வந்தது. பழைய கையேட்டில் அது கிடையாது. 7, 12, 2. மொத்தம் 21. இப்போதும் 21தான்! கூட்டிக் கழித்தால் ஒரே இடம், அப்படியென்றால் புதியது கடுமையானது என்றே சொல்ல முடியாது. பியூ கேஸ் உதவாது. அந்தக் கழிவைப் பழைய தண்டனைகளுக்கும் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள் என்பதை வைத்து யாராவது புதிதாக வாதாடிப் பார்க்கலாம், நான் அதை நம்பிப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 7 லட்சம் எப்படி வந்தது? எத்தனை விண்ணப்பம், எந்தெந்த பேங்க், எது நிராகரிக்கப்பட்டது? இதை எழுதுங்கள்.

கிரீன் கார்டு பற்றி யாரும் பேசவில்லை. 10,000 டாலருக்கு மேல் நஷ்டம் உள்ள மோசடி என்றால் குடியேற்றச் சட்டத்தில் அது நாடு கடத்தக்கூடிய கடுங்குற்ற வரிசையில் விழும். தண்டனை 41 மாதமா 30 மாதமா என்பது அங்கே எடுபடாது. குடியேற்ற வக்கீல் ஒருவரைத் தனியாக, இப்போதே பாருங்கள்.

---

பாளையங்கோட்டைக்காரன் · மார்ச் 12

உமா அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரே புத்தகம் என்ற விதியை மறந்து, பழைய புத்தகத்தில் 12ஐயும் புதியதில் கழிவையும் எடுத்து என் வசதிக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்த மாதிரி. தங்கச்சி, நம்பிக்கை கொடுத்துப் பறித்ததற்கு மன்னிக்க வேண்டும். மேலே எழுதியதை அழிக்கவில்லை, படிப்பவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

---

மலர்_எடிசன் · மார்ச் 15

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணாச்சி. உங்களால்தான் தேதி தெரிந்தது. தீர்ப்பு 7ஆம் தேதிதான் பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதிய இரவே தம்பி ஈமெயில் போட்டுவிட்டான். வக்கீல் மறுநாள் போன் செய்து, "போட்டுவிடலாம், போட்டுவிடலாம்" என்றார். மாதக் கடைசிப் பேச்சையே காணோம்.

உமா அக்கா கேட்டதற்கு. நேற்று தம்பி வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பேப்பரைப் பரப்பி மூன்று பேரும் உட்கார்ந்தோம். நாலு விண்ணப்பம். முதல் கம்பெனிக்கு ஒரு பேங்கில் 1 லட்சத்து 80 ஆயிரம், நிராகரித்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து அதே கம்பெனிக்கு அதே 1 லட்சத்து 80 ஆயிரம் இன்னொரு பேங்கில், கிடைத்தது. இரண்டாவது கம்பெனிக்கு 1 லட்சத்து 30 ஆயிரம், கிடைத்தது. மூன்றாவதுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம், நிராகரிப்பு. இதெல்லாம் சேர்த்துத்தான் 7.

கூட்டும்போதே தம்பி மனைவி கேட்டாள்: "முதல் ரெண்டும் ஒரே கடன்தானே அண்ணி? அவங்க முடியாதுன்னதாலதானே இவங்ககிட்ட கேட்டார்?" நான் உமா அக்கா கேள்வியைக் காட்டினேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

---

வக்கீல்_உமா · மார்ச் 15

அந்தப் பெண் கேட்டதுதான் கேள்வி. ஏற்படுத்த நினைத்த நஷ்டம் என்று புதிய கையேட்டின்படியே போகட்டும். நினைத்தது எவ்வளவு? அந்த 1 லட்சத்து 80 ஆயிரத்தை அவர் ஒருமுறைதான் அடைய நினைத்தார் என்றால் 7லிருந்து 1.8 போக 5 லட்சத்து 20 ஆயிரம். ஐந்தரை லட்சத்துக்குக் கீழே. 12 புள்ளி. கழிவும் உண்டு, ஏனென்றால் புத்தகம் மாறவில்லை. மொத்தம் 19.

அரசுத் தரப்பு சும்மா இருக்காது. ஒவ்வொரு விண்ணப்பமும் தனிப் பொய், இரண்டு பேங்கும் கொடுத்திருந்தால் இரண்டையும் வாங்கியிருப்பான் என்பார்கள். இது நிகழ்வு பற்றிய கேள்வி என்பதால் ஜட்ஜ் தெளிவாகத் தப்பு செய்தார் என்று காட்ட வேண்டும், சுலபமில்லை. ஆனால் முதல் பேங்க் நிராகரித்த தேதி இரண்டாவது விண்ணப்பத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது பேப்பரிலேயே இருக்கும். அதைவிட முக்கியம்: தண்டனைக்கு முன்னால் நன்னடத்தை அதிகாரி ஒரு நீண்ட அறிக்கை தந்திருப்பார். அதன்மேல் உங்கள் வக்கீல் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தாரா? இந்த 1.8 பற்றி ஒரு வரியாவது?

---

பாளையங்கோட்டைக்காரன் · மார்ச் 16

உமா அம்மா கேட்டதை எப்படித் தேடுவது என்று நான் சொல்கிறேன். நன்னடத்தை அறிக்கை பொதுவில் கிடைக்காது, தம்பியிடமே பிரதி இருக்கும். அதன் கடைசியில் "ஆட்சேபங்கள்" என்று ஒரு பின்னிணைப்பு ஒட்டியிருப்பார்கள், அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். நானும் எந்தக் கட்டு வந்தாலும் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். அப்புறம் தண்டனை சொன்ன நாளின் டிரான்ஸ்கிரிப்ட். ஜட்ஜ் தொகையைச் சொன்ன இடத்திலும், தண்டனையைச் சொல்லி முடித்த பிறகும் வக்கீல் என்ன பேசினார் என்று பாருங்கள். எங்கள் சர்க்யூட்டில் 2014ல் முழு அமர்வே சொல்லிவிட்டது, தண்டனை சொன்ன விதத்தில் கோளாறு இருந்தால் சொல்லி முடித்ததும் எழுந்து சொல்ல வேண்டும், முன்னால் மனுவில் கேட்டேன் என்பது போதாது என்று. தொகைக் கணக்குக்கு எழுத்து ஆட்சேபமே கை கொடுக்கலாம், ஆனாலும் இரண்டும் இருந்தால் தேவலை.

கோர்ட்டின் ஆன்லைன் பதிவேட்டில் மற்ற பேப்பர்கள் பக்கம் 10 செண்ட், ஓர் ஆவணத்துக்கு 3 டாலருக்கு மேல் போகாது. மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் பில்லே வராது. அதனால் தம்பி, மனைவி, நீங்கள் என்று ஆளுக்கொரு கணக்கு திறந்துகொண்டு... சரி, அதை இங்கே எழுத வேண்டாம்.

---

மலர்_எடிசன் · மார்ச் 19

நேற்று 18ஆம் தேதி மதியம் நோட்டீஸ் தாக்கல் ஆகிவிட்டது. முத்திரை விழுந்த பிரதியை தம்பி வாட்ஸாப்பில் அனுப்பினான். ஒரே பக்கம், நீங்கள் சொன்னபடி.

பின்னிணைப்பைத் திறந்தோம். ஆறு ஆட்சேபம் இருக்கிறது. ஐந்தும் குற்றமே செய்யவில்லை என்ற ரீதியில் போகிறது. மூன்றாவது மட்டும் இரண்டு வரி: முதல் இரண்டு விண்ணப்பமும் ஒரே சம்பளச் செலவுக்கானவை, இரண்டு முறை எண்ணக்கூடாது. அதற்குக் கீழே அதிகாரி "ஏற்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இந்த வக்கீலைத் திட்டிக்கொண்டே இருந்தோம், அவர்தான் எழுதியிருக்கிறார். அதை எழுதியது அவருக்கே ஞாபகம் இல்லை போல. போனில் சொன்னதும் "அப்படியா, மூன்றாவதா?" என்றார்.

மாமாவிடம் பேசிவிட்டேன். மே 5 மாறாது என்றதும் கொஞ்ச நேரம் கழித்து, "அங்க சோறு போடுவானா?" என்று கேட்டார்.

---

பாளையங்கோட்டைக்காரன் · மார்ச் 19

போடுவான், நம் ருசிக்கு இருக்காது. நன்னடத்தைக்கு வருடத்துக்கு 54 நாள் கழிவு உண்டு என்று மாமாவிடம் சொல்லுங்கள், 41 மாதத்தில் கிட்டத்தட்ட ஆறு மாதம் அதிலேயே போய்விடும்.

நோட்டீஸ் போட்ட நாளிலிருந்து இன்னொரு 14 நாளில் டிரான்ஸ்கிரிப்ட் ஆர்டர் செய்ய வேண்டும். ஏப்ரல் 1. தண்டனை நாளின் டிரான்ஸ்கிரிப்ட்டைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், சில வக்கீல்கள் டிரையலை மட்டும் கேட்டுவிட்டு இதை விட்டுவிடுவார்கள். வந்ததும் ஜட்ஜ் "ஏழு லட்சம்" என்று சொன்ன பக்க எண்ணை இங்கே போடுங்கள்.